பானட்டுக்குள் எத்தனை டிகிரி? சம்பளத்தை ஏற்றும் ஒரு கேள்வி

சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸில் ஆரம்பித்து நாமக்கல் வரைக்கும் ரோட்டோரம் பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்றால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: உங்கள் இடத்துக்கு இன்னொருவரை எவ்வளவு சீக்கிரம் பிடிக்க முடியும் என்பதை வைத்துத்தான் முதலாளி உங்கள் சம்பளத்தைப் போடுகிறார்.

"நான் ஸ்கேன் போடுவேனே" என்பீர்கள். இன்று எல்லோரும் ஸ்கேன் போடுகிறார்கள். கோடு வந்தால் அந்தப் பார்ட்டை மாற்றுவதற்கு மெக்கானிக் தேவையில்லை, ஸ்டோர் கீப்பர் போதும். கோடே வராத கம்ப்ளெய்ண்டில்தான் காசும் பெயரும் இருக்கிறது. ஏப்ரல், மே மாதத்தில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும்போது பட்டறைக்கு வரும் புகாரைக் கேளுங்கள். "காலைல வண்டி நல்லாத்தாங்க போகுது. மத்தியானம் ஏசி போட்டா பிக்கப்பே இல்லீங்க. டீக்கடையில நிறுத்திட்டு எடுத்தா மூச்சு வாங்குது." ஸ்கேனரில் ஒரு கோடும் இல்லை. பக்கத்துப் பட்டறையில் ஏற்கெனவே ஸ்பார்க் பிளக் மாற்றிவிட்டார்கள், ஃப்யூயல் ஃபில்டர் மாற்றிவிட்டார்கள், த்ராட்டில் பாடியும் கிளீன் செய்தாயிற்று. புகார் அப்படியே இருக்கிறது.

இந்த வண்டிக்குப் பார்க்க வேண்டியது இன்டேக் காற்றின் சூடு. அதை அளக்கத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் குறைவு. செலவு அதிகமில்லாத இந்த வித்தையைக் கற்றுக்கொண்டால் எங்கே போய் நின்றாலும் தனியாகத் தெரிவீர்கள். எப்படி என்று பார்ப்போம்.

1. இரண்டு நிமிடத்தில் சொல்லும் அளவுக்கு அடிப்படையைக் கற்றுக்கொள்ளுங்கள்

சூடான காற்று லேசானது. அழுத்தம் மாறாமல் சூடு மட்டும் 10 டிகிரி கூடினால், அதே இடத்தில் அடங்கும் காற்று சுமார் 3 சதவீதம் குறையும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.16 கிலோ. 60 டிகிரியில் அது 1.06 கிலோதான். காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய எரிபொருளும் குறையும், இழுவையும் குறையும்.

பெட்ரோல் வண்டியில் அடி இரட்டிப்பு. சூடான காற்று நாக்கிங்கைத் தூண்டும். அதைத் தவிர்க்க ஈசியு இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும். காற்றும் குறைந்து டைமிங்கும் தளர்ந்தால் கஸ்டமர் சொல்லும் "மூச்சு வாங்குது" ரெடி.

டர்போ வண்டிக்குக் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். 40 டிகிரி காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றுகிறது, கம்ப்ரஸர் எஃபிஷியன்சி 70 சதவீதம் என்று வையுங்கள். வெளியே வரும் காற்று 140 டிகிரியை ஒட்டி இருக்கும். இன்டர்கூலர் அதை 60 டிகிரிக்கு இறக்கினால், ஏறிய 100 டிகிரியில் 80 டிகிரியை இறக்கியிருக்கிறது. அதாவது 80 சதவீத எஃபிஷியன்சி. இந்த ஒரு கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டத் தெரிந்தால் இன்டர்வியூவில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

2. சென்சாரைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் அதை நம்பிவிடாதீர்கள்

இன்டேக் ஏர் டெம்ப்ரேச்சர் சென்சாரை ஐஏடி என்பார்கள். உள்ளே இருப்பது என்டிசி தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் இறங்கும். பல கார்களில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம் வரை காட்டும், 80 டிகிரியில் சில நூறு ஓமுக்கு இறங்கிவிடும். உங்கள் வண்டிக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கனெக்டரைக் கழற்றிவிட்டால் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி காட்டும், பி0113 கோடு வரும். ஷார்ட் ஆனால் நம்ப முடியாத சூடும் பி0112 கோடும். சேலத்தில் மே மாதம் மைனஸ் 40 டிகிரி என்று ஸ்கேனர் காட்டும்போது சென்சாரை மாற்றச் சொல்வதற்கு முன்னால் ஒயரைப் பாருங்கள். எலி கடித்திருக்கலாம்.

அந்த சென்சார் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அதைவிட முக்கியம். சில வண்டிகளில் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரோடு சேர்ந்து ஏர் ஃபில்டர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். சிலவற்றில் மேப் சென்சாரோடு ஒட்டி இன்டேக் மேனிஃபோல்டிலேயே இருக்கும். பல டர்போ வண்டிகளில் இரண்டு இடத்திலும் இருக்கும். ஃபில்டர் பக்கம் இருப்பது வெளியிலிருந்து வரும் காற்றைச் சொல்கிறது. மேனிஃபோல்டில் இருப்பது இன்ஜின் உண்மையில் குடிக்கும் காற்றைச் சொல்கிறது. கூடவே அந்த மேனிஃபோல்டின் சூட்டையும் கொஞ்சம் கலந்து சொல்கிறது. எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் "ஐஏடி 65 இருக்குதுங்க" என்றால் அது கிளி ஜோசியம்.

3. பெட்டியை நிரப்பாதீர்கள்

ஆரம்பத்துக்கு மூன்று சாமான் போதும். 16 பின் ஓபிடி சாக்கெட்டில் செருகும் ப்ளூடூத் டாங்கிள், அதில் வரும் எண்களைப் பதிவு செய்யும் ஒரு போன் ஆப், கே டைப் தெர்மோகப்பிள் மாட்டக்கூடிய டிஜிட்டல் மல்டிமீட்டர். தவணையில் பெரிய ஸ்கேனர் வாங்கி வட்டி கட்டிக்கொண்டிருக்கும் பையன்களைப் பார்த்து மயங்க வேண்டாம்.

டாங்கிள் விஷயத்தில் ஒரு தொழில் ரகசியம். ஆப்பில் இருபது பேராமீட்டரைத் தேர்ந்தெடுத்தால் டாங்கிள் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதற்குள் வண்டி அடுத்த சிக்னலுக்குப் போய்விடும். நான்கோ ஐந்தோ மட்டும் எடுங்கள்: ஐஏடி, கூலன்ட் டெம்ப்ரேச்சர், வேகம், மேப் பிரஷர். வண்டி கொடுத்தால் வெளிக்காற்றின் சூடும். கொடுக்காவிட்டால் தெர்மோகப்பிள் முனையை முன் பம்பர் கிரில்லுக்கு முன்னால், ரேடியேட்டர் சூடு படாத இடத்தில் கட்டிவிடுங்கள்.

துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எல்லோரும் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். பளபளக்கும் அலுமினிய பைப்பில் அதை அடித்தால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும், ஏனென்றால் பாலிஷ் ஆன உலோகம் வெப்பக் கதிரைச் சரியாக வெளிவிடாது. பைப்பில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, ஒரு நிமிடம் விட்டு, டேப் மேல் அடியுங்கள். அப்போதும் அது பைப்பின் சூடுதான், உள்ளே ஓடும் காற்றின் சூடு அல்ல. இந்த டேப் விஷயத்தை சீனியர் ஒருவர் முன்னால் செய்து பாருங்கள். எதுவும் சொல்ல மாட்டார். ஆனால் அடுத்த சிக்கலான வண்டியை உங்களிடம்தான் தருவார்.

4. டெஸ்ட் ரன்னை ஒரே மாதிரி ஓட்டுங்கள்

பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம் இது. பட்டறை வாசலில் வண்டியை ஐடிலில் விட்டு, ஐஏடி 58 என்று பார்த்து, "ஹீட்டாகுதுங்க" என்பார்கள். பானட்டைத் திறந்து வைத்து நின்ற இடத்தில் அளந்தால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே வரிசையில், முடிந்தவரை ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். நீங்கள் ஓட்டும்போது போனைப் பார்க்கக் கூடாது, பக்கத்து சீட்டில் ஒரு பையன் உட்காரட்டும்.

முதலில் காலை, வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு. ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போடுங்கள். ஐஏடி, கூலன்ட், வெளிக்காற்று மூன்றும் சில டிகிரிக்குள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். 10, 15 டிகிரி தனியாகத் துருத்திக்கொண்டிருப்பது சென்சார் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

அடுத்து நெடுஞ்சாலை. கொண்டலாம்பட்டியிலிருந்து சங்ககிரி பக்கம் மணிக்கு 80 கிலோமீட்டரில் நிதானமாக. இங்கே தனியாக ஐஏடியைப் பார்க்காதீர்கள், ஐஏடியிலிருந்து வெளிக்காற்றைக் கழித்துப் பாருங்கள். வெளியே 38, ஐஏடி 47 என்றால் வித்தியாசம் 9. டர்போ இல்லாத நல்ல நிலையிலுள்ள கார்களில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் 10 டிகிரியைச் சுற்றியே நிற்கும். டிசம்பரில் வந்த வண்டியையும் மே மாதம் வந்த வண்டியையும் ஒப்பிட வேண்டுமென்றால் இந்தக் கழித்தல் ஒன்றுதான் வழி.

பிறகு நெரிசல். சாயங்காலம் ஐந்து ரோடு மேம்பாலத்துக்குக் கீழே ஏசியைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து பாருங்கள். ஏசி கண்டென்ஸர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. அது கக்கும் சூடு, ரேடியேட்டர் சூடு, தார் ரோட்டின் சூடு எல்லாம் பானட்டுக்குள் வந்து சேரும். எதிர்க்காற்று இல்லை. வித்தியாசம் ஏறிக்கொண்டே போகும்.

அப்புறம் நிறுத்தல். இன்ஜினை அணைத்துவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இக்னிஷனை மட்டும் போட்டு ஐஏடியைக் குறியுங்கள். இன்ஜினை நிறுத்தியும் சூடு ஏறும். கூலன்ட் ஓட்டம் நின்றுவிட்டது, காற்று ஓட்டமும் நின்றுவிட்டது, ஆனால் இன்ஜின் பிளாக்கிலும் எக்ஸாஸ்ட்டிலும் தேங்கிய சூடு போக்கிடம் தேடி மேனிஃபோல்ட், ஹோஸ், ஃபில்டர் பாக்ஸ் என எல்லாவற்றிலும் ஊறுகிறது. ஹீட் சோக் என்பது இதுதான். கால் மணி நேரத்திலிருந்து அரை மணிக்குள் உச்சத்தைத் தொடும். நம் ஊர் டீக்கடை பிரேக்கும் சரியாக அவ்வளவுதான் என்பது வண்டிகளின் தலையெழுத்து.

கடைசியில் மறுபடி ஸ்டார்ட் செய்து ஓட்டி, ஐஏடி பழைய அளவுக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். உச்ச எண்ணைவிட இந்த நேரம்தான் முக்கியம். எல்லா வண்டியும் நின்றால் சூடாகும். நல்ல வண்டி சீக்கிரம் மீளும்.

டர்போ வண்டியாக இருந்தால் ஏற்காட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு, குறைந்த வேகம், முழு லோடு. இன்டர்கூலருக்கு இதைவிடக் கடினமான பரீட்சை பக்கத்தில் கொல்லிமலையின் 70 வளைவுகள்தான். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் 1,200 மீட்டருக்கு மேல். மேலே போகப் போக வெளிக்காற்று 7, 8 டிகிரி குறையும். அடிவாரத்தில் குறித்த வெளிக்காற்றை வைத்தே மேலேயும் கழித்தால் இன்டர்கூலர் அபாரமாக வேலை செய்வதாகத் தெரியும். வளைவுக்கு வளைவு வெளிக்காற்றையும் குறியுங்கள்.

5. நிறுத்தி எடுத்தால் ஏன் திணறுகிறது என்று விளக்குங்கள்

இதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்தான் டயக்னோஸ்டிக் டெக்னீஷியன். மற்றவர்கள் ஹெல்பர்.

மேப் சென்சாரை மட்டும் வைத்துக் காற்றைக் கணக்கிடும் வண்டிகளில், அழுத்தத்தையும் ஐஏடியையும் பார்த்துத்தான் ஈசியு பெட்ரோல் அளவை முடிவு செய்கிறது. டீக்கடையில் நின்ற வண்டியில் சென்சார் 74 டிகிரி என்கிறது. அது ஊறிப்போன மேனிஃபோல்டின் சூடு. ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வெளியிலிருந்து 40 டிகிரி காற்று பாய்ந்து வருகிறது. அவ்வளவு வேகத்தில் ஓடும் காற்று 74 டிகிரிக்குச் சூடாக நேரமே இல்லை. ஆனால் சென்சாரின் உடம்பு இன்னும் சூடாகவே இருப்பதால் பழைய பாட்டையே பாடுகிறது. காற்று மெலிந்திருக்கிறது என்று நம்பி ஈசியு பெட்ரோலைக் குறைக்கிறது, டைமிங்கையும் தளர்த்துகிறது. உண்மையில் உள்ளே வரும் காற்று அதைவிடக் கனமானது. கலவை லீன் ஆகிறது, வண்டி திணறுகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் சென்சார் ஆறிவிடும், புகாரும் மறைந்துவிடும். வண்டி பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் நல்ல பிள்ளையாகிவிடும்.

மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டி காற்றின் எடையை நேராக அளப்பதால் இந்தத் திணறல் குறைவு. கம்பெனிகளுக்கும் இந்த விஷயம் தெரியும். சாஃப்ட்வேரில் ஹாட் ரீஸ்டார்ட்டுக்கென்று தனித் திருத்தம் வைத்திருப்பார்கள். அதனால்தான் சில புகார்கள் சர்வீஸ் சென்டரில் ஒரு ஈசியு அப்டேட்டோடு முடிந்துவிடுகின்றன. பார்ட்டை மாற்றுவதற்கு முன்னால் அப்டேட் இருக்கிறதா என்று கேளுங்கள். கார்புரேட்டர் காலத்தில் அம்பாசடரின் ஃப்யூயல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றிய பெரியவர்கள் இன்னும் பட்டறைகளில் இருக்கிறார்கள். அவர்கள் போராடியது இதே சூட்டோடுதான், ஆனால் அங்கே பெட்ரோல் ஆவியாகி வேப்பர் லாக் ஆனது. இங்கே நடப்பது வேறு. ஈரத்துணி உதவாது.

6. பார்ட் விற்பதற்கு முன்னால் காணாமல் போனதைத் தேடுங்கள்

அளந்தாயிற்று, வித்தியாசம் அதிகம். இனி எங்கே தேடுவது? முன் பம்பர் டிங்கரிங் முடிந்து வந்த வண்டிகளில் முதலில் கையை விட வேண்டிய இடம், ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஏர் ஃபில்டர் பாக்ஸுக்குப் போகும் பிளாஸ்டிக் குழாய். அதன் கிளிப் உடைந்திருக்கும், அல்லது திரும்ப மாட்டாமலே தூக்கிப் போட்டிருப்பார்கள். வெளிக்காற்றை இழுக்க வேண்டிய வாய் இப்போது ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் சூட்டை இழுத்துக்கொண்டிருக்கும். குழாய் இருந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஹீட் ஷீல்டைப் பாருங்கள். சத்தம் வருகிறது என்று கழற்றி எறியப்படும் முதல் பொருள் அதுதான். அண்டர் கவர், கண்டென்ஸரில் அடைத்த தூசி, ரேடியேட்டர் ஃபேனின் இரண்டாவது ஸ்பீடு எல்லாம் அதற்கப்புறம்.

காலேஜ் பையன்கள் ஒரிஜினல் ஃபில்டர் பாக்ஸைக் கழற்றிவிட்டு கோன் ஃபில்டர் மாட்டிக்கொண்டு வருவார்கள். சத்தம் நன்றாக இருக்கும். ஃபில்டர் மூடியில்லாமல் பானட்டுக்குள்ளேயே தொங்குவதால் நெரிசலில் ஐஏடி எகிறும். அவர்களைத் திட்டாதீர்கள். மாட்டியதற்கு முன்னும் பின்னும் லாக் எடுத்துத் தந்து காசு வாங்குங்கள். எண்ணைப் பார்த்து அவர்களே முடிவெடுப்பார்கள். எப்படியும் உங்களுக்கு இரண்டு பில்.

7. ரிப்போர்ட் கொடுங்கள், அதற்குத் தனியாகப் பில் போடுங்கள்

கஸ்டமரிடம் "ஏர் இன்டேக்ல பிராப்ளம்" என்று சொல்லி 2,000 ரூபாய் கேட்டால் பேரம் பேசுவார். ஒரு தாளைக் கையில் கொடுத்தால் பேச்சு மாறும். மாதிரிக்கு இப்படி எழுதலாம்.

வெளிக்காற்று 38. நெடுஞ்சாலையில் ஐஏடி 47, நெரிசலில் 63, நிறுத்திக் கால் மணி நேரத்தில் 74, மறுபடி ஓட்டி மூன்றாவது நிமிடம் 58. குழாய் மாற்றிய பிறகு, அதே நேரம், அதே ரூட், வெளிக்காற்று 38: நெடுஞ்சாலையில் 46, நெரிசலில் 54, நிறுத்தியபோது 73, மூன்றாவது நிமிடம் 49.

இதில் நிறுத்திய எண் அநேகமாக மாறவே இல்லை என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். "நின்னா சூடாகறது அப்படியேதாங்க இருக்கும், அது இன்ஜின் சூடு. ஓட ஆரம்பிச்சா சீக்கிரம் ஆறிடும், மாறினது அதுதான்." குறை எது தீர்ந்தது, எது தீராது என்று பிரித்துச் சொல்லும் மெக்கானிக்கைக் கஸ்டமர் விடமாட்டார். அடுத்த கோடையில் "இன்னும் ஹீட் ஆகுதே" என்று சண்டைக்கு வரவும் அவருக்கு வழியில்லை.

டயக்னோஸ்டிக் சார்ஜை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓட்டிப் பார்க்க இரண்டு மணி நேரம், லாக், ரிப்போர்ட், இவ்வளவு ரூபாய். வேலையை இங்கேயே கொடுத்தால் அதில் கழித்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். இலவசமாகப் பார்த்துக் கொடுத்தால் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மலிவான பட்டறைக்குப் போய்விடுவார்கள். போகத்தான் செய்வார்கள், அவர்கள் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதைத்தான் செய்வீர்கள்.

8. நாமக்கல் பக்கம் இருப்பவர்கள் லாரிக்குத் திரும்புங்கள்

கார் டயக்னோஸ்டிக்கில் போட்டி வளர்ந்துகொண்டிருக்கிறது. லாரியில் ஆள் இல்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று ஊரே லாரியில் ஓடும்போது அதை விட்டுவிட்டு ஸ்விஃப்ட்டைச் சுற்றி வருவது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

எச்சரிக்கையோடு ஆரம்பிக்கிறேன். லாரி 24 வோல்ட். 12 வோல்ட் காருக்கென்று செய்த மலிவு டாங்கிளை அடாப்டர் போட்டுச் செருகினால் டாங்கிள் கருகும் வாய்ப்பு உண்டு. 24 வோல்ட் தாங்கும் இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். கனரக வண்டிகள் ஜே1939 என்ற மொழியில் பேசும். அதில் எஸ்பிஎன் 105 என்பது இன்டேக் மேனிஃபோல்டின் சூடு, எஸ்பிஎன் 171 என்பது வெளிக்காற்றின் சூடு. இந்த இரண்டின் வித்தியாசம்தான் லாரிக்கான உங்கள் ஐஏடி கணக்கு. இந்த எண்களை மனப்பாடமாகச் சொன்னாலே ஃப்ளீட் மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போடுவார்.

டெஸ்ட்டுக்குத் தொப்பூர் கணவாய் இருக்கிறது. இறக்கத்தில் நடக்கும் விபத்துகளால் பெயர் கெட்ட இடம் அது. உங்களுக்குத் தேவை எதிர்ப்பக்கம், சேலத்திலிருந்து தர்மபுரி நோக்கி லோடோடு ஏறும் ஏற்றம். ஏறி முடித்த கையோடு டிரைவர் இன்ஜினை அணைக்கிறாரா என்று கவனியுங்கள். கொதிக்கும் டர்போவுக்கு ஆயில் ஓட்டம் திடீரென நின்றால் பேரிங்கில் ஆயில் கருகும். இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்கச் சொல்லிக்கொடுங்கள். இதுவும் ஹீட் சோக்தான். இதற்குச் சம்பளம் தரத் தயாராக இருக்கும் லாரி ஓனர்கள் உண்டு, ஏனென்றால் டர்போ விலை அவர்களுக்குத் தெரியும்.

புது வாய்ப்பு ஒன்றும் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் என்2, என்3 வகை சரக்கு வண்டிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம். ஏசி வந்தால் கண்டென்ஸர் வரும், கண்டென்ஸர் வந்தால் சூடு வரும். சேஸிஸை வாங்கிவந்து நாமக்கல் பாடி பில்டரிடம் கேபின் கட்டும் வழக்கம் உள்ள ஊர் இது. கேபின் கட்டும்போது ஏர் இன்டேக் வாய் எங்கே வருகிறது, கண்டென்ஸரின் சூடான காற்று அதற்குள் திரும்புகிறதா என்று அளந்து சொல்லும் ஆள் ஒவ்வொரு பாடி பில்டருக்கும் தேவைப்படும். தாளையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு போய் முதலில் நிற்பவர் நீங்களாக இருங்கள்.

திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிக்காரர்களையும் மறக்க வேண்டாம். நின்ற இடத்தில் முழு லோடில் மணிக்கணக்காக ஓடும் இன்ஜின், கூடவே பெரிய ஏர் கம்ப்ரஸர். எதிர்க்காற்று என்பதே கிடையாது. இன்ஜின் கக்கும் சூட்டைக் கம்ப்ரஸர் இழுக்கிறதா, கம்ப்ரஸர் ஆயில் கூலரின் சூட்டை இன்ஜின் இழுக்கிறதா என்பது காற்று வீசும் திசையைப் பொறுத்துக்கூட மாறும். சூடு எல்லையைத் தாண்டினால் ஸ்க்ரூ கம்ப்ரஸர் தானாக நின்றுவிடும். நின்ற ஒவ்வொரு மணி நேரமும் ஓனருக்கு அடிக்கணக்கில் நஷ்டம்.

கேஸ் டேங்கரில் மட்டும் சொந்த வித்தை காட்டாதீர்கள். தெர்மோகப்பிள் ஒயரை இழுத்துக் கட்டுவது, கூடுதல் கனெக்‌ஷன் கொடுப்பது எல்லாம் லோடு இருக்கும் எல்பிஜி வண்டியில் கூடவே கூடாது. அந்த வண்டிகள் பெஸோ என்ற மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் விதிகளுக்குள் வருபவை. அனுமதியோடு வந்தால் பாருங்கள், இல்லையென்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

9. வேலை தேடுபவர்களுக்கு

ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் முடித்தவரோ, பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் முடித்தவரோ, ரெஸ்யூமேயில் "ஹார்ட் ஒர்க்கிங், டீம் பிளேயர்" என்று எழுதுவதை நிறுத்துங்கள். அதே வரி எல்லோருடைய ரெஸ்யூமேயிலும் இருக்கிறது. "தெர்மோகப்பிள் இன்ஸ்ட்ருமென்டேஷன், ஓபிடி மற்றும் ஜே1939 டேட்டா லாகிங், ஹாட் ரீஸ்டார்ட் டயக்னோசிஸ்" என்று எழுதுங்கள். எழுதியதற்கு அத்தாட்சியாக இரண்டு ரிப்போர்ட்டை இணையுங்கள்.

இந்த வரியைப் பார்த்து நிமிரும் இடங்கள் பட்டறையோடு முடிவதில்லை. ஒரகடத்தில் ஜிஏஆர்சி என்ற ஆட்டோமொபைல் சோதனை மையம் இருக்கிறது. செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா ரிசர்ச் வேலி. ஓசூரில் அசோக் லேலண்ட். வண்டி டெஸ்டிங் நடக்கும் இடங்களில் தெர்மோகப்பிள் ஒட்டி, ஓட்டி, லாக் எடுத்து, ஷீட் அனுப்புவது தினசரி வேலை. அங்கே டெஸ்ட் டெக்னீஷியனாக நுழைய இன்ஜினியரிங் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை.

"எல்லாம் எலக்ட்ரிக் ஆகிவிட்டால்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆகட்டும். பேட்டரிக்கும் ஹீட் சோக் உண்டு. வெயிலில் ஓட்டி வந்து உடனே சார்ஜ் போட்டால் பேட்டரி சூடாக இருப்பதால் சார்ஜிங் வேகம் குறையும், கஸ்டமர் சார்ஜரைத் திட்டுவார். போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏதர் என்று தொழிற்சாலைகள் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அளக்கும் பொருள் மாறுமே தவிர அளக்கும் முறை மாறாது. காலேஜில் படித்துக்கொண்டிருப்பவர்கள் ஃபார்முலா பாரத் மாதிரி மாணவர் ரேஸ் கார் போட்டிகளுக்கு அணி கட்டினால் அதில் டேட்டா லாகிங் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். எல்லோரும் டிரைவர் சீட்டுக்கு அடித்துக்கொள்ளும்போது இந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கும். போட்டி நடக்கும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வண்டி நின்றுவிட்டால் ஜட்ஜ் பேச விரும்புவது லாக் வைத்திருப்பவரிடம்.

இன்டர்வியூவில் ஒரு கேள்வி அநேகமாக வரும்: "ஐஏடி 70 காட்டுகிறது, என்ன செய்வீர்கள்?" உடனே பதில் சொல்பவர் தோற்றார். திருப்பிக் கேளுங்கள். "வெளிக்காற்று எத்தனை சார்? சென்சார் ஃபில்டர் பக்கமா, மேனிஃபோல்டிலா? வண்டி ஓடிக்கொண்டிருக்கிறதா, நிறுத்தி எத்தனை நிமிடம் ஆகிறது?" இந்த மூன்று கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் பேசட்டும்.

10. லாக் உங்கள் சொத்து

ஒவ்வொரு வண்டியின் பதிவையும் மாடல், வருடம், ஓடிய கிலோமீட்டர், தேதி, வெளிக்காற்று போட்டு ஒரு ஷீட்டில் ஏற்றுங்கள். பிப்ரவரியிலேயே ஆரம்பித்தால் மே மாதத்தில் புகார் குவியும்போது ஒப்பிட உங்கள் கையில் நல்ல வண்டிகளின் எண்கள் இருக்கும். அதே மாடல், அதே வெயில், இந்த வண்டி மட்டும் 12 டிகிரி கூடுதல் என்று சொல்ல முடிவது அதனால்தான். மேனுவலில்கூட இந்த எண் கிடைக்காது.

வேலைக்குச் சேரும்போதே முதலாளியிடம் பேசிவிடுங்கள்: கஸ்டமர் பெயர், போன் நம்பர், வண்டி நம்பர் எல்லாம் பட்டறையுடையது, அவை நீக்கிய ஷீட் என்னுடையது. பேசாமல் விட்டுவிட்டுக் கிளம்பும் நாளில் பென் டிரைவோடு நின்றால் திருட்டுப் பட்டம் கிடைக்கும். அவர் சம்மதிக்கவில்லையா? அப்படியானால் அந்த ஷீட்டுக்கு மதிப்பு இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. சம்பளப் பேச்சை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.